அமெரிக்கன் லிட்டரேச்சர் ஃபைனல் எக்ஸாம்: தயாரிப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்க ஹைஸ்கூல்களில் பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்புதான், அதாவது ஜூனியர் இயர்தான், அமெரிக்கன் லிட்டரேச்சர் வருடம். கால்குலஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஒரு மாதம் முன்பே திட்டம் போடும் பிள்ளைகள், இங்கிலீஷ் ஃபைனலை மட்டும் "கதைதானே, தெரியும்" என்று முந்தின ராத்திரிக்குத் தள்ளிவிடுவார்கள். கதை தெரிந்தால் ஒரு பி வாங்கலாம். அதற்கு மேலே போக, எந்த எழுத்தாளர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது பிடிபட வேண்டும். முந்நூறு, நானூறு வருடங்களாக ஒரே நாட்டில் நடக்கும் நீண்ட வாக்குவாதம் இது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுக்கிறார், மூன்றாமவர் இருவரையும் கிண்டல் செய்கிறார். இந்தச் சண்டையின் போக்கு புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அதை வைத்துத்தான்.

முதல் வேலை: பரீட்சை எப்படி இருக்கும் என்று கேளுங்கள்

ஒரே மாவட்டத்தில் இரண்டு பள்ளிகளின் ஃபைனல் இரண்டு விதமாக இருக்கும். ஒரே பள்ளியில் இரண்டு ஆசிரியர்களுடையதுகூட வேறுபடலாம். அதனால் புத்தகத்தைத் திறக்கும் முன் ஆசிரியருக்கு ஒரு மெயில் போடுங்கள். முழு வருடத்துக்குமா, இரண்டாம் செமஸ்டருக்கு மட்டுமா? எஸ்ஸே எத்தனை? புத்தகம் பார்த்து எழுதலாமா? ஒரு இண்டெக்ஸ் கார்டில் குறிப்பு எடுத்துப் போகலாமா? மேற்கோளைக் கொடுத்து "இது யார் சொன்னது, எங்கே" என்று கேட்கும் பகுதி உண்டா? படிக்காத புதுப் பத்தி ஒன்று வருமா? எஸ்ஸேக்கான ரூப்ரிக், அதாவது எதற்கு எவ்வளவு மார்க் என்ற பட்டியல், கிடைக்குமா?

ஊரில் ஒன்பதாவதோ பத்தாவதோ முடித்துவிட்டு நேராக இங்கே வந்து சேர்ந்த பிள்ளைகள் இதைக் கேட்கத் தயங்குவார்கள். கேள்வித்தாளைப் பற்றிக் கேட்பது ஏதோ தப்பு மாதிரித் தோன்றும். இங்கே அது சாதாரணம். இவ்வளவு அக்கறையாகத் தயாராகிறார்களே என்று ஆசிரியருக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கும்.

பதிலைப் பொறுத்துப் படிப்பு மாறும். ஜார்ஜியா மாதிரி சில மாநிலங்களில் அமெரிக்கன் லிட்டரேச்சருக்கு மாநிலமே பரீட்சை நடத்துகிறது. அதில் பத்தியைக் கொடுத்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள்; ஹாதோர்ன் எந்த வருடம் பிறந்தார் என்பது யாருக்கும் தேவையில்லை. ஆசிரியரே தயாரிக்கும் ஃபைனலில் வகுப்பில் படித்த நூல்கள்தான் மையம். இரண்டுக்கும் பொதுவானது பத்தியை நெருங்கி வாசிக்கும் திறமை. அதைப் பின்னால் ஒரு கவிதையை வைத்துப் பார்ப்போம்.

இரண்டாவது: ஒரே தாளில் காலக்கோடு

ஒரு வெள்ளைத்தாளைக் குறுக்காக வையுங்கள். நீங்கள் படித்த நூல்களை மட்டும், எழுதப்பட்ட வருடத்தோடு, இடமிருந்து வலமாக எழுதுங்கள். படிக்காததை எழுத வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் இரண்டே வரி: இவர் எதை நம்புகிறார், யாரோடு சண்டை போடுகிறார்.

பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரிடமிருந்து தொடங்கும். 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த வில்லியம் பிராட்ஃபோர்ட், கண்ட காட்டையெல்லாம் பயங்கரமான வனாந்தரம் என்கிறார். கடவுள் கைப்பிடித்துக் கூட்டிவந்தார் என்கிறார். ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் வீடு 1666-இல் எரிந்துபோகிறது. எல்லாம் கடவுளுடையது, அவர் எடுத்துக்கொண்டார் என்று கவிதையில் சொல்லிக்கொண்டே, இங்கேதானே என் பெட்டி இருந்தது என்று இடிபாட்டைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். நம்பிக்கைக்கும் மனசுக்கும் நடக்கும் அந்த இழுபறிதான் பரீட்சையில் கேட்கப்படும். 1741-இல் ஜோனதன் எட்வர்ட்ஸ் செய்த பிரசங்கத்தில், நெருப்புக்கு மேலே சிலந்தியைப் பிடிப்பது போலக் கடவுள் உன்னை நரகத்துக்கு மேலே பிடித்திருக்கிறார் என்று வரும். இந்தச் சிலந்தியை மறக்காதீர்கள், மறுபடி தேவைப்படும்.

அடுத்தது புரட்சிக் காலம். பாவம், நரகம் என்ற பேச்சு ஒதுங்கி, பகுத்தறிவும் உரிமையும் வருகின்றன. தாமஸ் பெய்ன், பேட்ரிக் ஹென்றி, 1776-இன் சுதந்திரப் பிரகடனம். இந்தப் பகுதியில் கேள்விகள் பெரும்பாலும் ரெட்டரிக், அதாவது கேட்பவரை இணங்கவைக்கும் பேச்சுக்கலை பற்றியவை: ஈதோஸ் (பேசுபவர் மேல் நம்பிக்கை), பேதோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (தர்க்கம்), ஒரே சொல்லில் வாக்கியங்களைத் திரும்பத் திரும்பத் தொடங்கும் அனஃபோரா. பிரகடனத்தின் நடுப்பகுதியில் இங்கிலாந்து அரசர் செய்த குற்றங்களை அடுக்கும்போது பெரும்பாலான வரிகள் "அவர்" என்றே ஆரம்பிக்கும். அதுதான் அனஃபோராவுக்கு எல்லா ஆசிரியரும் எடுக்கும் உதாரணம். அடிமையாக இருந்தபடியே 1773-இல் கவிதைப் புத்தகம் வெளியிட்ட ஃபிலிஸ் வீட்லியை இவர்கள் பக்கத்திலேயே எழுதுங்கள். சுதந்திரம் என்று எல்லோரும் முழங்கிக்கொண்டிருந்தபோது யாருக்கு அது இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ரொமாண்டிசிசம். இதில் இரண்டு கோஷ்டி. எமர்சனும் தோரோவும் மனிதன் உள்ளுக்குள் நல்லவன், இயற்கையிடம் போனால் தெளிவான் என்பவர்கள், இவர்கள் டிரான்ஸெண்டெண்டலிஸ்ட்கள். போ, ஹாதோர்ன், மெல்வில் மூவரும் "அப்படியெல்லாம் இல்லை, உள்ளே போனால் இருட்டுதான்" என்பவர்கள். ஹாதோர்னுக்கு அப்படித் தோன்றக் காரணம் இருந்தது: 1692-இல் சேலம் சூனியக்காரி வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் அவருடைய மூதாதை.

தோரோவைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வால்டன் ஏரியில் குளிர்காலத்தில் ஐஸ் வெட்டி எடுத்துப் போவதைப் பார்த்துவிட்டு, மெட்ராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். கற்பனையில்லை. பாஸ்டனிலிருந்து ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலில் ஐஸ் அனுப்பிக்கொண்டிருந்தார். அதைச் சேர்த்துவைக்க மெட்ராஸில் கட்டியதுதான் மெரினா கடற்கரையில் இன்றைக்கும் நிற்கும் ஐஸ் ஹவுஸ், இப்போதைய விவேகானந்தர் இல்லம். புத்தகத்தின் அதே பகுதியில் தோரோ பகவத் கீதையையும் கங்கையையும் பேசுகிறார். பரீட்சைக்கு இது வராது. ஆனால் இதைக் கேட்ட பிறகு தோரோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிந்த ஆள் ஆகிவிடுவார். வரி கட்ட மறுத்து 1846-இல் ஒரு ராத்திரி சிறையில் இருந்ததைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை காந்தி படித்ததும், பின்னால் மார்ட்டின் லூதர் கிங் படித்ததும் ஆசிரியர்கள் விரும்பிக் கேட்கும் தொடர்பு.

வால்ட் விட்மனும் எமிலி டிக்கின்சனும் எந்தக் கோஷ்டியிலும் முழுசாக அடங்காதவர்கள். ஒருவர் வாய் ஓயாமல் நீள வரிகளில் பேசுவார், மற்றவர் நாலு வரியில் மூச்சை நிறுத்துவார். அவர்களைத் தனியாக வையுங்கள்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு ரியலிசம், நேச்சுரலிசம்: ட்வெய்ன், கேட் ஷோப்பின், ஸ்டீஃபன் கிரேன், ஜாக் லண்டன். இவர்களுக்கு இயற்கை அம்மாவுமில்லை, ஆசானுமில்லை. மனிதனைக் கண்டுகொள்வதே இல்லை. லண்டனின் 'டு பில்ட் எ ஃபயர்' கதையில் ஆள் பனியில் விறைத்துச் சாகிறான், நாய் அடுத்த கூடாரத்தைத் தேடி ஓடிவிடுகிறது. பிராட்ஃபோர்டின் வனாந்தரம், எமர்சனின் இயற்கை, லண்டனின் பனி: மூன்றையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்தால் "இயற்கை" என்ற எஸ்ஸே தலைப்பு வந்தால் பயப்பட வேண்டாம்.

முதல் உலகப்போருக்குப் பிறகு மாடர்னிசம். ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹெமிங்வே, எலியட், ஃபாக்னர். அதே சமயம் நியூயார்க்கில் ஹார்லெம் ரெனெய்சான்ஸ் என்ற கறுப்பினக் கலை, இலக்கிய மறுமலர்ச்சி: லாங்ஸ்டன் ஹியூஸ், சோரா நீல் ஹர்ஸ்டன், க்ளாட் மெக்கே. இந்த இரண்டும் ஒரே காலம் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள், காரணம் வகுப்பில் தனித்தனி யூனிட்டாக நடத்துவதுதான். தாளில் ஒன்றுக்குக் கீழே ஒன்றாக எழுதுங்கள். அப்புறம் ஆர்தர் மில்லர், லொரெய்ன் ஹான்ஸ்பெரி, டோனி மாரிசன், டிம் ஓப்ரையன், ஜும்பா லாஹிரி என்று உங்கள் ஆசிரியரின் ரசனைப்படி போகும்.

எல்லோரும் விழும் குழி

கதை நடக்கும் காலமும் எழுதப்பட்ட காலமும் வேறு. 'தி ஸ்கார்லெட் லெட்டர்' 1640-களின் பாஸ்டனில் நடக்கிறது, வெளிவந்தது 1850-இல். ஹாதோர்னைப் பியூரிட்டன் எழுத்தாளர் என்று எழுதினால் அந்தப் பதிலுக்கு மார்க் போச்சு. அவர் பியூரிட்டன்களை இருநூறு வருடம் தள்ளி நின்று விசாரிக்கும் ஆள். 'தி க்ரூசிபிள்' நடப்பது 1692, மேடையேறியது 1953. மெக்கார்த்தி காலத்துக் கம்யூனிஸ்ட் வேட்டையைச் சொல்லத்தான் மில்லர் சேலத்துக்குப் போனார். ட்வெய்னின் ஹக்கிள்பெரி ஃபின் படகில் போவது உள்நாட்டுப் போருக்கு முன்னால். அமெரிக்காவில் புத்தகம் வந்தது 1885-இல், அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து இருபது வருடம் ஆனபிறகு. 'பிலவ்ட்' நடப்பது 1873, வெளிவந்தது 1987. காலக்கோட்டில் எழுதப்பட்ட வருடத்தை ஒரு நிறத்திலும், நடக்கும் காலத்தை இன்னொரு நிறத்திலும் போடுங்கள். "ஏன் இவர் இவ்வளவு பின்னால் போனார்" என்ற கேள்விக்கு விடை தெரிந்தால் அதுவே நல்ல எஸ்ஸேயின் முதல் பத்தி.

மூன்றாவது: நூல்களைக் கோத்துப் பாருங்கள்

ஃபைனல் எஸ்ஸே கேள்வி பெரும்பாலும் "இந்த வருடம் படித்தவற்றில் இரண்டு அல்லது மூன்று நூல்களைக் கொண்டு" என்றுதான் ஆரம்பிக்கும். எல்லா ஜோடிகளையும் முன்கூட்டியே யோசிக்க முடியாது. இரண்டு மூன்று கோவைகளை வலுவாகச் செய்துகொண்டால் போதும், வரும் தலைப்புகளில் பெரும்பாலானவற்றை அவற்றுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது நரகக் கோவை. 1741-இல் எட்வர்ட்ஸ் சிலந்தியைக் காட்டி மிரட்டுகிறார். சரியாக நூறு வருடம் கழித்து, 1841-இல், 'செல்ஃப் ரிலையன்ஸ்' கட்டுரையில் எமர்சன், நான் சாத்தானின் பிள்ளை என்றால் சாத்தான் சொல்படியே வாழ்ந்துவிட்டுப் போகிறேன் என்கிறார். இத்தனைக்கும் அவர் பாஸ்டனில் சர்ச் போதகராக இருந்து விலகியவர். 1845-இல் ஃபிரெடெரிக் டக்ளஸ் தன் வாழ்க்கைக் கதையில், தன் எஜமானர் பக்திமானாக மாறியபிறகு இன்னும் கொடுமைக்காரர் ஆனதையும், பைபிள் வசனம் சொல்லிக்கொண்டே சவுக்கால் அடித்ததையும் எழுதுகிறார். 1850-இல் ஹாதோர்ன், கள்ளக்காதலுக்குத் தண்டனையாக மார்பில் 'ஏ' எழுத்தைச் சுமக்கும் ஹெஸ்டரைவிட, தன் பங்கை மறைக்கும் போதகர் டிம்ஸ்டேலே அதிகம் வேகிறார் என்று காட்டுகிறார்.

கடைசியில் ஹக்கிள்பெரி ஃபின், சுருக்கமாக ஹக். 31-ஆம் அத்தியாயம். தன்னோடு வந்த, தப்பி ஓடிய அடிமை ஜிம் எங்கே இருக்கிறான் என்று சொல்லி அவன் எஜமானி மிஸ் வாட்சனுக்கு ஹக் ஒரு கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும் பாவமெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது அவனுக்கு. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறான். ஆற்றில் ராத்திரியும் பகலும் ஜிம்மோடு போனது, தன்னை எழுப்பாமல் தனக்கும் சேர்த்து அவனே காவல் இருந்தது எல்லாம் நினைவுக்கு வருகிறது. மறுபடி கடிதத்தை எடுக்கிறான், கை நடுங்குகிறது. சரி, நரகத்துக்கே போகிறேன் என்று கிழித்துப்போடுகிறான்.

இதில் ஐரனி, அதாவது முரண்நகை, எங்கே என்று கேட்டால் பலர் "அவன் நல்லது செய்கிறான்" என்று நிறுத்திவிடுவார்கள். தான் செய்வது பாவம் என்றே அவன் நம்புகிறான் என்பதைச் சொல்ல வேண்டும். அவனுக்கு ஊர் கற்றுக்கொடுத்த மனசாட்சி தப்பானது; அவனுடைய அன்பு சரியானது; ஆனால் எது எது என்று அவனுக்கே தெரியாது. வாசிக்கிற நமக்குத்தான் தெரியும். எட்வர்ட்ஸ் எந்த நரகத்தைக் காட்டி ஊரை அடக்கினாரோ, அதே நரகத்தை ஒரு படிக்காத பையன் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறான் என்று எழுதினால், "சமூகமும் தனிமனிதனும்", "மதம்", "மனசாட்சி", "சுதந்திரம்" என்ற நாலு தலைப்புக்கும் அந்தப் பத்தி உதவும்.

இரண்டாவது கோவை எல்லோருக்கும் தெரிந்த அமெரிக்கன் ட்ரீம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் சுயசரிதையில் 13 நற்குணங்களை அட்டவணை போட்டு, தவறியபோதெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்தார். காலை முதல் இரவு வரைக்கும் மணிக்கணக்குப் போட்டு வைத்தார். 'தி கிரேட் கேட்ஸ்பி'யின் கடைசி அத்தியாயத்தில் கேட்ஸ்பியின் அப்பா ஒரு பழைய கௌபாய்ப் புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறார். அதன் பின்பக்கத்தில் பையன் தன் கையால் எழுதிய தினசரி அட்டவணை, 1906-ஆம் வருடத் தேதியோடு: உடற்பயிற்சி, எலெக்ட்ரிசிட்டி படிப்பு, பேச்சுப் பயிற்சி. அச்சு அசலாக ஃபிராங்க்ளின். அந்தப் பையன் கள்ளச்சாராய வியாபாரியாகி, சுடப்பட்டுச் சாகிறான். இந்த இடத்தைக் கவனித்து எழுதுகிறவர்கள் குறைவு. எழுதினால் ஆசிரியர் கண்ணில் படும்.

இதோடு ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' சேர்த்துக்கொள்ளுங்கள், 1959. இறந்துபோன அப்பாவின் இன்ஷூரன்ஸ் பணம் 10,000 டாலர். அம்மா 3,500 டாலரை வெள்ளையர் பகுதியில் ஒரு வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுகிறார். மீதி 6,500 மகன் வால்டரின் கையில். அதில் 3,000 தங்கையின் படிப்புக்கு பேங்கில் போட வேண்டியது. வால்டர் மொத்தத்தையும் கூட்டாளியிடம் கொடுத்து ஏமாறுகிறான். நாடகத்தின் தலைப்பு லாங்ஸ்டன் ஹியூஸ் 1951-இல் வெளியிட்ட 'ஹார்லெம்' கவிதையிலிருந்து. அந்தக் கவிதை கிட்டத்தட்ட முழுக்கக் கேள்விகளாலேயே ஆனது என்ற விவரத்தையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

நான்காவது: படிக்காத பத்தி வந்தால்

டிக்கின்சனின் 'பிகாஸ் ஐ குட் நாட் ஸ்டாப் ஃபார் டெத்' கவிதையை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். ஆறு பத்திதான்.

முதல் வாசிப்பில் ஒன்றும் குறிக்க வேண்டாம். யார் பேசுகிறார், என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு பெண் பேசுகிறாள். மரணம் ஒரு கனவான் மாதிரி வண்டியை நிறுத்தி அவளை ஏற்றிக்கொள்கிறது. எழுதும்போது "டிக்கின்சன் வண்டியில் ஏறுகிறார்" என்று போடாதீர்கள், கவிதையில் பேசுகிறவர் ஸ்பீக்கர்.

இரண்டாவது வாசிப்பில் வரிசையைப் பாருங்கள். வண்டி பள்ளிக்கூடத்தைத் தாண்டுகிறது, விளைந்த வயலைத் தாண்டுகிறது, மறையும் சூரியனைத் தாண்டுகிறது. சின்ன வயசு, நடுவயசு, முதுமை என்று இந்த அளவுக்கு எல்லோரும் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது வாசிப்பில் எங்கே மாறுகிறது என்று தேடுங்கள். எந்தக் கவிதையிலும் ஒரு திருப்பம் இருக்கும். கேள்வியில் பாதி அதன் மேல்தான். நாலாவது பத்தி ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்கிறது: இல்லையில்லை, சூரியன்தான் எங்களைத் தாண்டிப் போனது. அதுவரைக்கும் அவர்கள் எல்லாவற்றையும் கடந்தார்கள். இப்போது அவர்கள் நிற்கிறார்கள், உலகம் கடந்து போகிறது. அந்த வரியில் தாளமும் உடைகிறது. மற்ற பத்திகளின் முதல் வரியில் நாலு அடி விழும், இங்கே மூன்றுதான். உடனே குளிர் வருகிறது, தான் மெல்லிய துணிதான் உடுத்தியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைக்கிறது. முதல் மூன்று பத்தியில் இருந்த மரியாதையான, நிதானமான டோன் இந்த இடத்தில் கலங்குகிறது. அடுத்த பத்தியில் வரும் "வீடு" தரையில் ஒரு மேடு; கல்லறை என்ற வார்த்தையே கவிதையில் இல்லை. டிக்கின்சன் 1886-இல் இறந்தபிறகு 1890-இல் முதன்முதலாக அச்சானபோது, பதிப்பித்தவர்கள் இந்த நாலாவது பத்தியையே எடுத்துவிட்டார்கள். அதை எடுத்துவிட்டால் கவிதை எவ்வளவு சாதுவாகிவிடுகிறது என்று நீங்களே வாசித்துப் பாருங்கள், அந்தப் பத்தி என்ன வேலை செய்கிறது என்று புரியும்.

இதே மூன்று வாசிப்பை உரைநடைக்கும் செய்யலாம். டோனைச் சொல்ல "பாசிட்டிவ்", "நெகட்டிவ்" என்ற இரண்டை வைத்துக்கொண்டு ஹைஸ்கூலைக் கடக்க முடியாது. ஏக்கம், எள்ளல், பயபக்தி, விரக்தி, பற்றற்ற நிதானம், கசப்பு: இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் சரியான சொற்களை ஒரு பதினைந்து இருபது எழுதி, ஒவ்வொன்றுக்கும் வகுப்பில் படித்த ஒரு பத்தியை எதிரே போட்டுவையுங்கள்.

மல்டிபிள் சாய்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரி எண் கொடுத்துக் கேட்டால் அதற்கு மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி சேர்த்துப் படியுங்கள். தப்பான விடைகளில் மிகவும் ஆபத்தானது பாதி சரியாக இருப்பது: முதல் பாதி பத்திக்குப் பொருந்தும், கமாவுக்குப் பிறகு பொய். முழுசாகப் படிக்காமல் வட்டம் போடாதீர்கள்.

ஐந்தாவது: எஸ்ஸே

ஊர்ப் பள்ளிகளில் வாங்கிய பழக்கம் ஒன்று இங்கே உதைக்கும். கேட்ட தலைப்பில் தெரிந்ததையெல்லாம் அழகான நடையில் கொட்டுவது. இங்கே ஆசிரியர் தேடுவது ஒரு வாதம். ஆங்கிலத்தில் தீசிஸ் என்று சொல்வது, யாராவது எதிர்த்துப் பேச முடிகிற ஒரு கருத்தை. "ஃபிட்ஸ்ஜெரால்ட் பல சிம்பல்கள் மூலம் அமெரிக்கன் ட்ரீமைக் காட்டுகிறார்" என்பதை யார் மறுப்பார்கள்? யாரும் மறுக்காத வாக்கியத்தை நிரூபிக்க மூன்று பக்கம் எதற்கு?

அதே விஷயத்தை இப்படிப் பாருங்கள். 'தி கிரேட் கேட்ஸ்பி'யில் பச்சை விளக்கு மூன்று முக்கியமான இடங்களில் வருகிறது. முதல் அத்தியாயத்தின் முடிவில் கேட்ஸ்பி இருட்டில் கை நீட்டிக்கொண்டு நிற்கிறான். தூரத்தில் அவன் காதலிக்கும் டெய்சியின் படகுத்துறை விளக்கு. ஐந்தாவது அத்தியாயத்தில் டெய்சியே பக்கத்தில் நிற்கிறாள், அவன் கையோடு கை கோத்திருக்கிறாள். அப்போது அவன் விளக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவனிடம் இருந்த மாயப் பொருள்களில் ஒன்று குறைந்துவிட்டதாகக் கதையைச் சொல்லும் நிக் கவனிக்கிறான். கடைசிப் பக்கத்தில் அது கேட்ஸ்பியின் விளக்கே இல்லை, எல்லோருடையதும். இந்த மூன்றையும் வைத்தால் தீசிஸ் தானாக வரும்: "எட்டாத தூரத்தில் இருக்கும்வரைதான் கேட்ஸ்பியின் கனவுக்கு மதிப்பு, அது கைக்கு வந்த நொடியிலேயே தேயத் தொடங்குகிறது, அதனால் டெய்சியின் கணவன் டாம் குறுக்கே வராவிட்டாலும் அவன் தோற்றிருப்பான்." கடைசிப் பகுதியை ஒருவர் மறுக்கலாம். நல்லது, அதற்குத்தான் எஸ்ஸே.

மேற்கோள் மனப்பாடம் வேண்டும், ஆனால் நீளமாக வேண்டாம். ஒரு நாவலுக்கு நாலைந்து துண்டுகள், ஒவ்வொன்றும் நாலைந்து சொல். அதை உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே நுழையுங்கள். மேற்கோளைத் தனியாக நிறுத்திவிட்டு "இந்த மேற்கோள் காட்டுவது என்னவென்றால்" என்று ஆரம்பித்தால் ஆசிரியருக்குக் கொட்டாவி வரும். ஒரு மேற்கோளுக்கு இரண்டு வாக்கியமாவது விளக்கம் இருக்கட்டும்; அதிலும் ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தொட்டுப் பேசுங்கள்.

சின்னச் சின்ன விதிகள்: கதையில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுத வேண்டும். எழுத்தாளரைக் கடைசிப் பெயரால் சொல்ல வேண்டும்; "எமிலி சொல்கிறார்" என்று எழுதக் கூடாது. கையால் எழுதும்போது நாவல், நாடகத் தலைப்புக்கு அடிக்கோடு. கவிதை, சிறுகதைத் தலைப்புக்கு மேற்கோள் குறி. நிக் சொல்வதெல்லாம் ஃபிட்ஸ்ஜெரால்டின் கருத்து ஆகாது. கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்' கதையில் இது இன்னும் முக்கியம். அங்கே கதை சொல்கிறவளை எவ்வளவு நம்பலாம் என்பதே கேள்வி.

நாற்பத்தைந்து நிமிட எஸ்ஸேயில் முதல் ஏழெட்டு நிமிடம் எழுதாமல் யோசியுங்கள். பக்கத்தில் இருப்பவர் இரண்டாவது பக்கம் புரட்டினாலும் பரவாயில்லை.

இரண்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது

முதல் மூன்று நாள்: பரீட்சை விவரம், காலக்கோடு, பழைய வினாத்தாள்களும் ஆசிரியர் திருத்தித் தந்த எஸ்ஸேக்களும். அந்தத் திருத்தங்களை ஒரு தாளில் சேர்த்து எழுதுங்கள். ஒரே குறை மூன்று முறை வந்திருந்தால் உங்கள் ஃபைனல் மார்க் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அடுத்த ஐந்தாறு நாள் நூல்கள். முழு நாவலையும் திரும்பப் படிக்க நேரம் இருக்காது. முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம், நடுவில் திருப்பம் வரும் ஒன்று, இந்த மூன்றையும் நிஜப் புத்தகத்தில் படியுங்கள். நடுவில் மறந்ததை ஸ்பார்க்நோட்ஸ் என்ற கதைச்சுருக்கத் தளத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம். அதில் உள்ள விளக்கத்தை மட்டும் எஸ்ஸேயில் எழுதாதீர்கள், ஆசிரியரும் அதைப் படித்திருப்பார். புத்தகம் கையில் இல்லையென்றால் 'கேட்ஸ்பி' 2021 முதல் அமெரிக்காவில் காப்புரிமை நீங்கி இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கு முந்தின நூல்கள் குட்டன்பெர்க் தளத்தில் உண்டு. லைப்ரரி கார்டு இருந்தால் லிபி ஆப்பில் ஆடியோ புத்தகம் கேட்கலாம், நாடகங்களுக்கு அது ரொம்ப உதவும்.

மீதி நாளில் மணி வைத்து இரண்டு எஸ்ஸேயாவது முழுசாக எழுதுங்கள், கையால் எழுதும் பரீட்சை என்றால் கையாலேயே. இன்னும் ஐந்தாறு தலைப்புக்கு தீசிஸும் மேற்கோளும் மட்டும் போட்டுப் பாருங்கள்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்று. இந்த எழுத்தாளர்கள் பைபிள் கதைகள் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து எழுதியவர்கள். ஏதேன் தோட்டம், எகிப்திலிருந்து வெளியேறியது, யோபு, மலைமேல் இருக்கும் பட்டணம்: இந்த நாலையும் அரைமணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். ஸ்டெய்ன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் ஒரு குடும்பம் கலிஃபோர்னியாவுக்குப் போவது ஏன் அவ்வளவு பெரிய விஷயமாகச் சொல்லப்படுகிறது என்பது அப்புறம்தான் புரியும்.

பெற்றோருக்கு: புத்தகத்தை நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை. சாப்பாட்டு மேஜையில் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "அவன் ஏன்டா கடிதத்தைக் கிழிச்சான்?" "மாட்டிவிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று நிஜமாகவே புரியாமல் கேளுங்கள். தமிழில் காரணம் சொல்லத் திணறுகிற இடம்தான் ஆங்கிலத்திலும் வெறும் அலங்காரமாக எழுதப்போகிற இடம். அந்த இடத்தை மறுநாள் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள்.

பரீட்சை அன்று எஸ்ஸே கேள்வியை முதலில் வாசித்துவிட்டு மல்டிபிள் சாய்ஸுக்குப் போங்கள். அங்கே கொடுத்திருக்கும் பத்திகளிலேயே எஸ்ஸேக்கு உதவும் வரி சில சமயம் கிடைக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்றை மட்டும் சரிபாருங்கள்: கேள்வியில் இரண்டு நூல் கேட்டிருந்தால் இரண்டும் இருக்கிறதா, கடைசிப் பத்தியில் சொல்வது முதல் பத்தியின் தீசிஸோடு ஒத்துப்போகிறதா, ஹாதோர்ன், ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பெயர்களுக்கு ஆங்கில எழுத்து சரியா. ஹாதோர்னில் ஒரு 'இ' விட்டுப்போயிருக்கும், பாருங்கள்.